சாப்பாட்டு நேரத்தில் ஒரு வரலாற்றுக் கேள்வி: வீட்டில் தினசரி வினாடி வினா நடத்துவது எப்படி?

தினம் ஒரு வரலாற்றுக் கேள்வி என்றதும் பலருக்குப் போட்டித் தேர்வு வழிகாட்டிதான் நினைவுக்கு வரும். "முதலாம் பானிபட் போர் நடந்த ஆண்டு எது?" என்று கேட்டால் பத்தாவது படிக்கிற பெண் 1526 என்பாள். மற்றவர்கள் பேசாமல் சாதத்தைப் பிசைவார்கள். அதோடு ஆட்டம் முடிந்தது. வீட்டுக்கு வேறு மாதிரிக் கேள்வி வேண்டும். எங்கள் வீட்டில் மாமியார், கணவர், நான், பத்தாவது படிக்கும் மகள், மூன்றாவது படிக்கும் மகன் என ஐந்து பேர். ஐந்து பேருமே வாயைத் திறக்கிற மாதிரி இதை எப்படி நடத்தலாம் என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: நேரம்

இதற்கென்று புதிதாக ஒரு நேரம் ஒதுக்காதீர்கள், நாலே நாளில் நின்றுவிடும். ஏற்கெனவே எல்லோரும் ஒன்றாக உட்காருகிற நேரத்தில் சொருகிவிடுங்கள். எங்களுக்கு அது ராத்திரிச் சாப்பாடு. காலை நேரம் வேண்டவே வேண்டாம். டிபன் பாக்ஸ் மூடியைத் தேடுகிற அவசரத்தில் ராஜேந்திர சோழனைப் பற்றி யார் யோசிப்பது?

படி 2: நோட்டு

போன வருடத்து டைரி போதும். நாளுக்கு ஒரு பக்கம். கேள்வி, பதில், அந்தப் பதிலை எங்கே பார்த்தீர்கள் என்ற விவரம், இந்த மூன்றையும் எழுதுங்கள். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். பெரியவர்கள் இருக்கிற வீட்டில் "அதெல்லாம் அப்படி இல்லை" என்று ஒரு குரல் வராமல் இருக்காது. அப்போது எடுத்துக்காட்ட ஏதாவது வேண்டுமே. வாட்ஸாப்பில் வந்த ஃபார்வர்டு செல்லாது. பிள்ளைகளின் சமூக அறிவியல் பாடநூலிலிருந்தே தொடங்கலாம். பழைய புத்தகங்கள் வேண்டுமென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

படி 3: கேள்வி போடுவது

வேலை முழுக்க இங்கேதான். நான் வைத்திருப்பது ஒரே விதி: ஆண்டைக் கேட்காதே, முன்பின்னைக் கேள்.

"பெரிய கோயில் எந்த ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது?" என்பதை, "தஞ்சைப் பெரிய கோயில், தாஜ்மகால், இரண்டில் எது மூத்தது?" என்று மாற்றிப் பாருங்கள். மூன்றாவது படிக்கிறவனும் துணிந்து ஒன்றைச் சொல்வான். பதில் சொன்ன பிறகு ஆண்டைச் சொல்லுங்கள்: கோயில் வேலை முடிந்தது 1010-ல், தாஜ்மகால் வேலை தொடங்கியதே 1632 வாக்கில். அறுநூறு வருட இடைவெளி என்று தெரிந்ததும் ஆண்டு தானாக மனதில் நின்றுவிடும்.

அடுத்தது, தட்டில் இருப்பதிலிருந்தே கேள்வி எடுங்கள். "ராஜராஜ சோழன் குழம்பில் மிளகாய் போட்டிருப்பார்களா?" வாய்ப்பே இல்லை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498-ல். அதற்குப் பிறகுதான் போர்ச்சுகீசியர் மூலமாக மிளகாய் இங்கே வந்தது. அதுவரை காரத்துக்கு மிளகு. தக்காளியும் உருளைக்கிழங்கும்கூட அதே கண்டத்துச் சரக்குதான். இந்த ஒரு கேள்வியிலேயே சாப்பாடு முடிந்து கை காய்ந்துவிடும்.

பெரியவர்களுக்கென்றும் வாரத்துக்கு ஒன்றாவது இருக்கட்டும். "ஓரணாவுக்கு எத்தனை பைசா?" என்று கேட்டுப் பாருங்கள். 1957 ஏப்ரல் 1 வரை ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 4 பைசா, ஆக ரூபாய்க்கு 64 பைசா. அன்றிலிருந்து ரூபாய்க்கு 100 நயா பைசா. அப்படியென்றால் ஓரணா என்பது ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்கு எங்கே போவது? ஆறு என்று வைத்துக்கொண்டார்கள். நாலணாவை மொத்தமாக மாற்றினால் 25 வரும், ஓரணாவாக நாலு தடவை மாற்றினால் 24-தான். இதைக் கேட்டதும் என் மாமியார், சின்ன வயதில் மிட்டாய்க்கடைக்காரரிடம் அந்த ஒரு பைசாவுக்குச் சண்டை போட்ட கதையை எடுத்துவிட்டார். மகள் கணக்குப் போட்டுச் சரிபார்த்தாள். அவள் பாடப்புத்தகம் முழுக்கத் தேடினாலும் அந்த மிட்டாய்க்கடை கிடைக்காது.

படி 4: "முதல்" என்ற சொல்லில் உஷார்

"இந்தியாவின் முதல் ரயில் எது?" என்று கேட்டால் மும்பையிலிருந்து தானே நகருக்குப் போனது, 1853 என்று பதில் வரும். ஆனால் சென்னைக்குப் பக்கத்தில் செங்குன்றத்தில் 1837-லேயே கல் ஏற்றிப்போகத் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். "முதல் பயணிகள் ரயில்" என்று கேட்டால் வம்பில்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போனது. பெரியது, பழையது, முதலாவது என்று வரும் கேள்வி எதையும் கேட்குமுன் ஒரு தடவை கிண்டிப் பாருங்கள்.

படி 5: கேட்பது

போன்கள் வேறு அறையில். வேகமானவர்கள் முந்திக்கொள்ளாமல் இருக்க, பதிலைத் துண்டுச்சீட்டில் எழுதி மடித்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். எழுத முடியாதவர்கள் பக்கத்தில் இருப்பவர் காதில் சொல்லலாம். "பாட்டிக்கு நீ எழுதிக் கொடுடா" என்றால் என் மகன் தன் பதிலைத்தான் பாட்டி பெயரில் எழுதுவான், அதையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: பரிசு

மதிப்பெண் பலகை வைக்காதீர்கள். வாரக் கடைசியில் அழுகையில்தான் முடியும். சரியாகச் சொன்னவர் மறுநாள் கேள்வி போடட்டும். பலர் சரியாகச் சொன்னால் வயதில் சின்னவருக்கு. கேள்வி போடத் தேடுகிறவர்தான் அதிகம் படிக்கிறார் என்பதை வெளியே சொல்ல வேண்டாம்.

படி 7: முதல் வாரத்துக்குக் கைவசம்

திங்கள்: பாம்பனில் முதலில் வந்தது ரயில் பாலமா, சாலைப் பாலமா? ரயில் பாலம், 1914. சாலைப் பாலம் 1988-ல்தான்.

செவ்வாய்: வேலூர்ப் புரட்சி முந்தியதா, மீரட்டில் தொடங்கிய சிப்பாய்ப் புரட்சியா? வேலூர், 1806 ஜூலை 10. மீரட் 1857.

புதன்: மேட்டூர் அணை, முல்லைப் பெரியாறு அணை, எது மூத்தது? முல்லைப் பெரியாறு, 1895. மேட்டூர் 1934.

வியாழன்: கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் இடம் வாங்கியபோது தமிழ் எழுத்தில் அச்சுப் புத்தகம் இருந்ததா? இருந்தது. கம்பெனி வந்தது 1639-ல், கொல்லத்தில் 1578-லேயே அச்சடித்துவிட்டார்கள்.

வெள்ளி: நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வந்தது முதலிலா, மனிதன் நிலவில் கால் வைத்தது முதலிலா? இரண்டும் 1969. பெயர் ஜனவரி 14-ல், நிலவு ஜூலையில்.