எடை குறைக்கும் ஆபரேஷன்: உடம்பை வெறுக்காதவர்கள் முடிவெடுக்கும்போது செய்யும் தவறுகள்

ஆபரேஷன் செய்துகொண்டவர்களும், செய்யலாமா என்று யோசிப்பவர்களும் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ஒரு மருத்துவமனையின் மாடியில் உட்கார்ந்து பேசுவோம். எட்டு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். போன வாரம் எல்லாரும் கிளம்பிய பிறகு ஒரு பெண் மட்டும் நின்றாள். இருபத்தேழு வயது இருக்கும். கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே, "அக்கா, யாருக்கும் தெரியாம பண்ணிக்க முடியுமா?" என்று கேட்டாள்.

2016ல் டாக்டரிடம் நான் கேட்ட முதல் கேள்வியும் அதுதான்.

அப்போது நான் 118 கிலோ. உயரம் 158 சென்டிமீட்டர். காலையும் இரவும் இன்சுலின். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்ததால் ராத்திரி முழுக்க முகத்தில் மாஸ்க். ஆனால் உடம்பைப் பற்றிய வெட்கத்தை நான் முப்பது வயதிலேயே விட்டிருந்தேன். போட்டோவில் பின்வரிசைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். கையில்லாத ரவிக்கை போட்டேன். என்னைப் போன்ற நாலைந்து தோழிகளோடு சேர்ந்து, குண்டாக இருப்பது குற்றமில்லை என்று மனதாரப் பேசிவந்தேன். அப்படிப்பட்டவளிடம் டாக்டர் ஆபரேஷன் என்றதும், இத்தனை நாள் பேசியதெல்லாம் பொய்யாகிவிடுமோ என்று ஆகிவிட்டது. கடைசியில், வயிற்றைச் சின்னதாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் கேஸ்ட்ரிக் பைபாஸ் ஆபரேஷனைச் செய்துகொண்டேன். செய்ததில் வருத்தம் இல்லை. முடிவெடுத்த விதத்தில்தான் நிறைய வருத்தம்.

நல்ல சர்ஜனாகப் பார்க்க வேண்டும், விளம்பரத்தை நம்பக்கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

உடம்பை வெறுத்தால்தான் ஆபரேஷனுக்குப் போவார்கள் என்று நினைப்பது

சொந்தக்காரர்கள் "இப்பவாவது புத்தி வந்துச்சே" என்பார்கள். தோழிகள் "நீயுமா?" என்பார்கள். இரண்டு பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே நினைப்பு: இது உடம்பைப் பிடிக்காதவர்கள் செய்கிற காரியம். அமெரிக்காவில் 1969லேயே பருமனானவர்களின் உரிமைக்காகச் சங்கம் ஆரம்பித்தார்கள். அந்த வழியில் வந்தவர்களில் பலர் இன்றைக்கும் இந்த ஆபரேஷனை ஏற்பதில்லை. நல்லபடியாக வேலை செய்கிற வயிற்றை ஏன் வெட்ட வேண்டும் என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்காமல் யாரும் மேசையில் படுக்கக்கூடாது என்பேன்.

நான் செய்தது இது. ஆபரேஷனுக்கான காரணங்களை எல்லாம் ஒரு தாளில் எழுதினேன். ஊரில் ஒருத்தர்கூட என்னைக் குண்டு என்று சொல்லாவிட்டாலும் இது எனக்குத் தொந்தரவுதானா என்று ஒவ்வொன்றையும் கேட்டுப் பார்த்தேன். பதினொன்றில் ஏழு அடிபட்டது. மிச்சம் நாலு: சுகர், தூக்கத்தில் நிற்கும் மூச்சு, முழங்கால், ஐம்பத்தாறு வயதில் டயாலிசிஸுக்குப் போன அப்பா. அடிபட்ட ஏழும் வலிக்கிற விஷயங்கள்தான். ஆனால் பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் முகம் சுளிப்பதற்கு என் வயிற்றை வெட்டி என்ன பிரயோஜனம்? ஆபரேஷன் எந்த நாலைச் சரிசெய்ய முடியுமோ அந்த நாலை வைத்து முடிவு எடுத்தேன்.

உங்கள் தாளில் எல்லாமே அடிபட்டுப்போனால் அதுவும் நல்ல பதில்தான். அப்படித் திரும்பிப் போனவர்கள் எங்கள் சனிக்கிழமையில் மூன்று பேர் உண்டு. இன்றைக்கும் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறார்கள்.

பி.எம்.ஐ.யைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது

எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இந்தக் கணக்கைப் போட்டவர் 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தில் வாழ்ந்த கெட்லே. அவர் டாக்டர் இல்லை, புள்ளியியல்காரர். பி.எம்.ஐ. என்ற பெயரே 1972ல்தான் வந்தது. ஒரு கூட்டத்தை அளக்க உதவுகிற எண், ஒரு ஆளைப் பற்றி முழுதாகச் சொல்லாது. அதே சமயம், நம் ஆட்களுக்குக் குறைந்த எடையிலேயே சுகர் வருகிறது என்பதும் உண்மை. அதனால்தான் 2022ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், ஆசியர்களுக்கு 27.5 வந்தாலே இந்தச் சிகிச்சையை ஒரு வழியாக முன்வைக்க வேண்டும் என்கிறது. முன்வைக்கத்தான் சொல்கிறது, செய்துகொண்டே தீர வேண்டும் என்று சொல்லவில்லை.

இன்ஷூரன்ஸ்காரரின் எண்ணும் டாக்டரின் எண்ணும் ஒன்று என்று நினைப்பது

ஒன்றில்லை. பாலிசிகளில் பொதுவாக இருப்பது பி.எம்.ஐ. 40, அல்லது 35டன் கட்டுக்குள் வராத சுகர், கடுமையான மூச்சுத் தடை, இதய நோய் போன்ற ஒன்று. தேதி குறிக்கும் முன் படித்துவிடுங்கள்.

கல்யாணத் தேதியைப் பார்த்து ஆபரேஷன் தேதி குறிப்பது

"தையில கல்யாணம், ஆவணியில ஆபரேஷன் பண்ணிட்டா சரியா இருக்குமா?" என்று ஒரு அம்மா கேட்டார். மகள் பக்கத்திலேயே தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கணக்குப் பார்ப்போம். எடை இறங்கி நிலைக்கு வர ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். மூன்றாவது மாதத்திலிருந்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். பிறகு வளரும், ஆனால் முகூர்த்தத்துக்குள் வளராது. ஆபரேஷனுக்குப் பின் 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பம் வேண்டாம் என்பார்கள். புதுப் பெண்ணிடம் மூன்றாம் மாதமே "விசேஷம் உண்டா?" என்று கேட்கிற ஊர் இது. அதோடு, எடை இறங்கும்போது பி.சி.ஓ.டி. உள்ளவர்களுக்கு மாதவிலக்கு சீராகி, எதிர்பாராமல் கரு தங்கிவிடுவதும் உண்டு. இதையெல்லாம் மாப்பிள்ளை வீட்டில் சொல்லியாயிற்றா என்று கேட்டேன். "ஐயோ, அது எப்படிச் சொல்றது?" என்றார் அந்த அம்மா.

யாருக்கும் தெரியாமல் செய்துகொள்வது

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்னமும் கோபம் வரும். மற்ற தவறுகள் எல்லாம் செய்தவரோடு போய்விடும். இது அப்படியில்லை.

கணவரையும் தங்கையையும் தவிர நான் யாரிடமும் சொல்லவில்லை. பித்தப்பையில் கல், அதை எடுத்தார்கள் என்று சொல்லிவிட்டேன். சொந்தக்காரர்களிடம் மறைத்தது வெட்கத்தால் இல்லை, அவர்கள் ஜெயித்த மாதிரி ஆகிவிடுமே என்றுதான். தோழிகளிடம் மறைத்தது, அவர்களை விட்டுவிட்டுப் போனதாக நினைப்பார்களே என்ற பயத்தில்.

முதல் அடி ஒரு வளைகாப்பில் விழுந்தது. பைபாஸில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு சின்னப் பையை மட்டும் வயிறாக விட்டு, அதை நேராகச் சிறுகுடலோடு இணைத்துவிடுவார்கள். இனிப்பு போனால் சட்டென்று குடலுக்குள் இறங்கிவிடும். அத்தை ஒரு டம்ளர் பாயசத்தைக் கையில் திணித்து, "நான் செஞ்சது, குடிச்சே ஆகணும்" என்றார். என்ன காரணம் சொல்லி மறுப்பது? குடித்தேன். பத்து நிமிடத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது. புடவை நனைகிற அளவுக்கு வேர்வை. பின்கட்டில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் படுத்துக் கிடந்தேன். சுகர் இறங்கிவிட்டது என்று சொல்லி, அன்பாக இன்னொரு டம்ளர் கொண்டுவந்தார்கள்.

சரி, அது என்னோடு போயிற்று. அடுத்தது அப்படிப் போகவில்லை. சித்தி மகள் ஒருத்தி, என்னைவிடப் பத்து வயது சின்னவள், என்னைப் போலவே உடம்பு. ஆறு மாதத்தில் முப்பது கிலோ எப்படி இறங்கியது என்று கேட்டாள். நடைப்பயிற்சி, கம்பங்கூழ், ராத்திரி சாப்பாடு இல்லை என்றேன். அவள் அதை அப்படியே நம்பினாள். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து காவிரிப் பாலத்தில் நடந்தாள். ராத்திரி பட்டினி கிடந்தாள். நாலு கிலோ இறங்கியது, ஐந்து ஏறியது. இரண்டு முறை வேலை செய்யுமிடத்தில் மயங்கி விழுந்தாள். பின்னால் உண்மை தெரிந்தபோது அவள் என்னைத் திட்டவில்லை. "ஏழு மாசமா என் மேலதான்க்கா கோவப்பட்டுட்டு இருந்தேன்" என்றாள். உடம்பின் மேல் கோபம் வேண்டாம் என்று அவளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். அந்தப் பேச்சை என் பொய் ஒரே அடியில் அழித்துவிட்டது.

மூன்றாவது வருடம் கால் சுளுக்கிக்கொண்டது. தெருமுனை கிளினிக்கில் டாக்டர், "ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்காம்மா?" என்று கேட்டார். பக்கத்தில் மாமியார். "பித்தப்பை மட்டும்தாங்க" என்றேன். ஐந்து நாளைக்கு டைக்ளோஃபெனாக் எழுதினார். அவர் மேல் ஒரு குறையும் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார். வலி போகவில்லை என்று அதே சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கி மூன்று வாரம் போட்டேன். பைபாஸ் செய்தவர்களுக்கு இந்த வகை வலி மாத்திரைகள் ஆகாது. சின்ன வயிறும் குடலும் சேர்கிற இடத்தில் புண் வரும். எனக்கு டிஸ்சார்ஜ் அன்றே தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளை யார் கண்ணிலும் படக்கூடாது என்று பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் வைத்திருந்தேன்.

மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. பாத்ரூமில் விழுந்தேன். ஹீமோகுளோபின் 6.2. எண்டோஸ்கோப்பி செய்துவிட்டு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். வெளியே உட்கார்ந்திருந்த மாமியாரிடம் அன்றைக்குத்தான் என் கணவர் எல்லாவற்றையும் சொன்னார். உள்ளே வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கிட்ட சொல்லியிருந்தா நானே அந்த மாத்திரைய வேணாம்னு சொல்லியிருப்பேனே" என்றார். இத்தனை நாள் யாருக்குப் பயந்து மறைத்தேனோ அவரே சொன்னது அது.

ஊர் முழுக்கச் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. கூட வேலை பார்க்கிறவர்களுக்கு உங்கள் குடலைப் பற்றித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் மூன்று இடத்தில் பொய் கூடாது. உங்களோடு ஒரே வீட்டில் சாப்பிடுகிறவர்கள், உங்களுக்கு மருந்து எழுதுகிற எந்த டாக்டரும் (பல் டாக்டர் உட்பட), "எப்படி இறங்குச்சு?" என்று உண்மையான தேவையோடு கேட்கிற இன்னொரு பருமனான ஆள். மூன்றாமவரிடம் உண்மையைச் சொல்ல மனமில்லை என்றால் "சொல்ல விருப்பமில்லை" என்று சொல்லுங்கள். கம்பங்கூழ் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

யாரிடமும் சொல்லாமல்தான் இதைச் செய்ய முடியும் என்கிற நிலையில் ஒருவர் இருந்தால், அவர் இன்னும் முடிவெடுத்து முடிக்கவில்லை. போன வாரம் கேட்ட அந்தப் பெண்ணிடமும் இதைத்தான் சொன்னேன். தேதி குறிக்கும் முன் வீட்டில் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். தோழிகளிடம் நான் சொன்னபோது ஒருத்தி அழுதாள், ஒரு வருடம் பேசவில்லை. மற்றவர்கள் அடுத்த வாரமே தையல் போட்ட இடத்தைக் காட்டு என்று வந்து நின்றார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் ஸ்லீவ் செய்துகொண்டார், எனக்கும் அதுவே என்பது

ஸ்லீவ் என்பது இன்னொரு வகை ஆபரேஷன். அதில் வயிற்றின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள், திரும்ப ஒட்ட முடியாது. ஏற்கெனவே நெஞ்செரிச்சல் கடுமையாக இருப்பவருக்கு அது இன்னும் கூடலாம். டாக்டர் உங்கள் வயிற்றைப் பார்த்து முடிவு செய்யட்டும்.

ஊசியைப் பற்றிக் கேட்காமல் இருப்பது

எடை குறைக்கும் ஊசி மருந்துகளான மவுன்ஜாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி ஜூனிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்துவிட்டன. உங்களுக்கு அது பொருந்துமா, நிறுத்தினால் என்ன ஆகும், மாதம் எவ்வளவு செலவாகும் என்று மூன்றையும் டாக்டரிடம் கேளுங்கள்.

சத்து மாத்திரை ஒரு வருடம் போதும் என்பது

ஆயுசுக்கும். பி12, இரும்பு, கால்சியம், டி வைட்டமின், வருடா வருடம் ரத்தப் பரிசோதனை.

எடை திரும்ப ஏறினால் தோற்றுவிட்டோம் என்று நினைப்பது

பதினெட்டாவது மாதம் 71 கிலோவுக்கு வந்தேன். இப்போது 84. அடிமட்டத்திலிருந்து கொஞ்சம் ஏறுவது பெரும்பாலானவர்களுக்கு நடக்கிறது. இன்சுலின் போய் இன்றைக்கு ஒரே ஒரு மாத்திரை. மாஸ்க் மெஷின் பரணில் இருக்கிறது. முழங்கால் பாதி தேவலை. தாளில் மிச்சமிருந்த நாலில் மூன்று இவைதான். எடை அந்தத் தாளில் இல்லவே இல்லை.

அடிவயிற்றில் தோல் மடிந்து தொங்குகிறது. சித்திரை வெயிலில் மடிப்புக்குள் வேர்க்குரு வந்து எரியும், பருத்தித் துணியை மடித்து வைத்துக்கொள்வேன். கைச்சதையும் தொங்குகிறது. கையில்லாத ரவிக்கை இன்னும் போடுகிறேன். எடை இறங்கிய பிறகு உடம்பை ஏற்றுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டு வந்தவர்கள் இந்தத் தோலைப் பார்த்து உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் கூட்டத்துக்குத் தொடர்ந்து வரவைப்பதுதான் எங்களுக்குப் பெரிய பாடு. ஆபரேஷனுக்கு முன்பே மனநல ஆலோசகரை ஒரு முறை பார்க்கச் சொல்வதைச் சம்பிரதாயமாக நினைத்து அவசரத்தில் முடித்துவிடாதீர்கள். இரண்டு மூன்று முறை போங்கள்.

பழைய போட்டோக்களை எடுத்து வைத்துவிடுவது

வேண்டாம். தங்கை கல்யாணத்தில் அரக்குப் பட்டு உடுத்தி, 118 கிலோவோடு முன்வரிசையில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிற படம் இன்னும் எங்கள் ஹாலில்தான் மாட்டியிருக்கிறது.