டிரைவர் யார் தயவில் ஓடுகிறது? கெர்னலில் கிளாக் கையாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் வொயிட்ஃபீல்டு, பெல்லந்தூர் பக்கம் போர்டு வேலை பார்க்கும் நம்மூர்ப் பிள்ளைகள் சிலர், எழுதிய டிரைவரை, அதாவது சாதனத்தை இயக்க லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் ஓடும் நிரலை, என்னிடம் காட்டுவதுண்டு. பாதிக் கோப்புகளில் கிளாக் (சிப்பின் பகுதிகள் இயங்கத் தேவையான துடிப்பு) பற்றி ஒரு வரிகூட இருக்காது. கேட்டால், "நல்லாத்தானே ஓடுது அண்ணே" என்பார்கள். ஓடும்தான். ஆனால் அந்தக் கிளாக்கை ஆன் செய்தது அவர்கள் டிரைவர் இல்லை, லினக்ஸுக்கு முன்னால் ஓடி அதை ஏற்றிவிடும் பூட்லோடர். அல்லது அதே கிளாக்கைப் பிடித்து வைத்திருக்கும் வேறொரு டிரைவர்.

இது எப்போது உடையும்? லினக்ஸ் பூட் ஆகி முடியும் கட்டத்தில், யாரும் உரிமை கோராத கிளாக்குகளைக் கெர்னல் தேடிப்பிடித்து அணைத்துவிடும். கெர்னலோடு சேர்த்துக் கட்டிய டிரைவர் அதற்கு முன்பே புரோப் ஆகிவிடுவதால் (சாதனத்தோடு இணைந்து தொடங்கிவிடுவதால்), தொடக்கத்தில் எல்லாம் சரியாகத் தெரியும். கொஞ்ச நேரத்தில் சாதனம் பேச்சு மூச்சில்லாமல் போகும். அதையே பிறகு தனியாக ஏற்றும் மாட்யூலாக வைத்தால், சாதனத்தின் முதல் ரெஜிஸ்டரைப் படிக்கும்போதே சிக்கல். சில சிப்களில் எக்ஸ்டர்னல் அபார்ட் என்ற வன்பொருள் பிழை வரும். அது வந்தால் அதிர்ஷ்டம், எந்த வரி என்றாவது தெரியும். சில சிப்களில் பிராசஸரையும் சாதனத்தையும் இணைக்கும் பஸ்ஸே உறைந்துவிடும். லாக்கில் ஒன்றும் இருக்காது. பூட் லோகோ தெரிந்துகொண்டிருந்த திரை திடீரென்று இருண்டுபோவதும் பல நேரம் இதே கதைதான்.

இந்த இடத்தில் பலர் "கிளாக் இக்னோர் அன்யூஸ்டு" என்ற பூட் அளவுருவைச் சேர்த்துவிட்டு வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறார்கள். அது நோயைக் கண்டுபிடிக்க உதவும் சோதனை மட்டுமே. அதைப் போட்டதும் போர்டு பிழைத்துக்கொண்டால், ஏதோ ஒரு டிரைவர் தனக்கு வேண்டிய கிளாக்கைக் கேட்டு வாங்கவில்லை என்று பொருள். அந்த டிரைவரைத் தேடுங்கள்.

அப்புறம், எண்ணிக்கை. 2012இல் 3.4 பதிப்போடு வந்த காமன் கிளாக் ஃபிரேம்வொர்க் (கிளாக்குகளை நிர்வகிக்கும் கெர்னல் பகுதி), ஒவ்வொரு கிளாக்குக்கும் எத்தனை பேர் எனேபிள் செய்தார்கள் என்று கணக்கு வைக்கிறது. பிஜி விடுதியில் ஹால் விளக்கை, கடைசி ஆள் தூங்கப்போகும்போதுதான் அணைக்க வேண்டும் இல்லையா, அதுபோல. நீங்கள் ஒரு முறை எனேபிள் செய்து இரண்டு முறை டிசேபிள் செய்தால், பக்கத்து டிரைவரின் பங்கையும் சேர்த்து அணைத்துவிடுவீர்கள். கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போனால்தான் கெர்னல் எச்சரிக்கும். அதுவரை வேறு யாருடைய சாதனமோ காரணமில்லாமல் செத்துக்கொண்டிருக்கும், அவர்கள் தங்கள் நிரலைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார்கள்.

கிளாக்கை ஆன் செய்ய பிரிப்பேர், எனேபிள் என்று ஏன் இரண்டு படி? பிரிப்பேர் தூங்கலாம், அதாவது வேலையை நிறுத்திக் காத்திருக்கலாம்: கிளாக்கை உருவாக்கும் பிஎல்எல் சுற்று லாக் ஆகக் காத்திருக்க வேண்டியிருக்கும், அல்லது கிளாக் சிப்பே ஐ2சி என்ற மெதுவான இணைப்பு வழியாகப் பேசுவதாக இருக்கும். எனேபிள் தூங்காது. ஆகவே தூங்கவே கூடாத இடங்களான இன்டரப்ட் ஹேண்ட்லரிலோ (சாதனம் குறுக்கிட்டு அழைத்ததும் ஓடும் ஃபங்ஷன்), ஸ்பின்லாக் என்ற பூட்டைப் பிடித்திருக்கும்போதோ பிரிப்பேரை அழைக்கக் கூடாது. இது பலருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது: கிளாக்கின் வேகத்தைக் கேட்கும் கிளாக் கெட் ரேட்டும் உள்ளே மியூடெக்ஸ் எடுக்கிறது, அதுவும் தூங்கக்கூடிய பூட்டுதான். வேகத்தைப் புரோபிலேயே கேட்டு ஒரு மாறியில் வைத்துக்கொண்டால், ஹேண்ட்லரில் கேட்க வேண்டிய தேவையே வராது. அந்த வேகம் பின்னால் மாறக்கூடியது என்றால், மாற்றத்தைத் தெரிவிக்கும் கிளாக் நோட்டிஃபையர் வைத்து மாறியைப் புதுப்பிக்க வேண்டும்.

வேகம் என்றதும் இன்னொன்று. வேகத்தை அமைக்கும் கிளாக் செட் ரேட், வெற்றி என்பதற்கான பூஜ்யத்தைத் திருப்பிவிட்டால் கேட்ட வேகம் கிடைத்துவிட்டது என்று நம்பாதீர்கள். ஹார்டுவேரால் முடிந்த ஏதோ ஒரு வேகத்தைத் தந்துவிட்டு வெற்றி என்று சொல்லிவிடும். யூஆர்ட் (சீரியல் போர்ட்) ஒன்றுக்கு 48 மெகாஹெர்ட்ஸ் கேட்கிறீர்கள். 115200 பாடு என்ற தகவல் வேகத்துக்கு 16ஆலும் 26ஆலும் வகுத்தால் பிழை 0.2 சதவீதத்துக்கும் குறைவு. உண்மையில் கிடைத்தது 50 என்றால் அதே வகுத்தி 120192 பாடு தரும். 4 சதவீதத்துக்கு மேல் விலகல். திரையில் குப்பை எழுத்துதான். செட் செய்ததும் கெட் செய்து, கிடைத்த எண்ணை வைத்தே வகுத்தியைக் கணக்கிடுங்கள்.

நான் பார்த்தவரை அதிகம் பேர் வழுக்கி விழுவது டிரைவரைக் கழற்றும் இடத்தில்தான். ஐஆர்க்யூவை (இன்டரப்ட் இணைப்பை), கெர்னலே தானாக விடுவிக்கும் டெவ்எம் வகையில் வாங்கியிருப்பார்கள், கிளாக்கை ரிமூவ் ஃபங்ஷனில் கையால் அணைப்பார்கள். டெவ்எம் விஷயங்கள் ரிமூவ் முடிந்த பிறகே விடுவிக்கப்படும். அந்த இடைவெளியில் ஒரு இன்டரப்ட் வந்தால், ஹேண்ட்லர் கிளாக் இல்லாத ரெஜிஸ்டரைத் தொடும். பல சாதனங்கள் பகிரும் ஷேர்டு ஐஆர்க்யூ என்றால் வாய்ப்பு இன்னும் அதிகம். கிளாக்கை முதலில், ஐஆர்க்யூவைப் பிறகு என்று இரண்டையும் டெவ்எம்மில் வாங்கினால், விடுவிப்பது தலைகீழ் வரிசையில் நடந்து சிக்கல் தீரும்.

கிளாக்கை வாங்கி எனேபிளும் செய்து, கடைசியில் தானே அணைக்கும், 2022இல் வந்த டெவ்எம் கிளாக் கெட் எனேபிள்டு இதற்கு அருமையான கருவி. ஆனால் ரன்டைம் பிஎம் (பயன்படாத சாதனத்தை உறங்கவைக்கும் மின்சேமிப்பு முறை) சஸ்பெண்டில் அதே கிளாக்கை அணைக்கும் டிரைவரில் அதை அப்படியே கலக்காதீர்கள். சாதனம் சஸ்பெண்டில் இருக்கும்போது மாட்யூலைக் கழற்றினால், ஏற்கெனவே அணைத்ததை டெவ்எம் மறுபடி அணைக்கும். கிளாக்கின் பொறுப்பு டெவ்எம்மிடமா, ரன்டைம் பிஎம்மிடமா என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

சில்லறைத் தவறுகளும் உண்டு. கிளாக்கை வாங்கும் கிளாக் கெட் தோற்றால் நல் (NULL, வெற்றுச் சுட்டி) வராது, பிழை எண் பொதிந்த சுட்டி வரும். இஸ்எர்ர் (IS_ERR) கொண்டு சோதியுங்கள். "பிறகு முயல்க" என்னும் புரோப் டிஃபர் பிழை வந்தால் அதை விழுங்காமல் அப்படியே திருப்புங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்ற கிளாக்குக்கு ஆப்ஷனல் வகை இருக்கிறது; எல்லாப் பிழைகளையும் அலட்சியப்படுத்துவது அதற்கு மாற்று ஆகாது.

சோதிக்க, கெர்னலின் உள்நிலையைக் காட்டும் டீபக்எஃப்எஸ்ஸில் (debugfs) உள்ள கிளாக் சம்மரி கோப்பு போதும். மாட்யூலை ஏற்றும் முன் எனேபிள் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்றி, சாதனத்தைப் பயன்படுத்தி, சஸ்பெண்ட் ஆகவிட்டு, கழற்றிய பின் மறுபடி பாருங்கள். எண் கூடியிருந்தால் எங்கோ டிசேபிள் விட்டுப்போயிருக்கிறது. குறைந்திருந்தால் அடுத்தவர் கிளாக்கில் கை வைத்திருக்கிறீர்கள். புரோபை வேண்டுமென்றே பாதியில் தோற்கவைத்தும் ஒருமுறை பாருங்கள். எர்ரர் பாதையில்தான் இந்தக் கணக்கு அதிகம் பிசகும்.