கண்ணாடியை மூடிவிட்டுத் தொடங்குங்கள்: புதிய நடிகருக்கான பயிற்சி முறை

நடிப்புப் பழக விரும்புகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் போய் நிற்கும் இடம் நிலைக்கண்ணாடியின் முன்புதான். புருவத்தை நெரித்துக் கோபத்தையும், உதட்டைப் பிதுக்கி அழுகையையும் வரவழைத்துப் பார்க்கிறார்கள். ஒரு மாதத்தில் ஏழெட்டு முகங்கள் கைவசம் வந்துவிடுகின்றன. பிறகு எந்தக் காட்சியைக் கொடுத்தாலும் அந்த ஏழெட்டில் ஒன்றை எடுத்து ஒட்டிவிடும் பழக்கமும் வந்துவிடுகிறது. ஆகையால், முதல் ஆறு மாதங்களுக்காவது கண்ணாடியை ஒரு துணியால் மூடிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதற்கான காரணத்தைத் தொல்காப்பியத்தில், உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதைப் பற்றிய இயலான மெய்ப்பாட்டியலே தெளிவாகச் சொல்லிவிடுகிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த அந்நூல், அவை முகத்தில் எப்படித் தெரியும் என்பதில் நிற்காமல், ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்காகப் பட்டியலிடுகிறது. அழுகைக்கு அது கூறும் நான்கு களங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதாவது, பிறரால் இகழப்படுவது, உறவையோ பொருளையோ இழப்பது, முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்ந்துபோவது, வேண்டியதைத் துய்க்க வழியில்லாமல் இருப்பது. கடைத்தெருவில் நாலு பேர் பார்க்க அவமானப்பட்டவர் கண்ணீரை எப்படியாவது மறைக்கப் பார்ப்பார். சாவு வீட்டில் இருப்பவருக்கு அதை மறைக்கத் தோன்றவே தோன்றாது. இரண்டுக்கும் ஒரே முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? மாஸ்கோ கலை அரங்கை 1898ஆம் ஆண்டில் நிறுவிய இருவரில் ஒருவரான ஸ்தானிஸ்லாவ்ஸ்கியும், உணர்ச்சியை நேரடியாகப் பிழிந்து எடுக்க முயலாமல், 'இந்த நிலைமையில் நான் இருந்தால் என்ன செய்வேன்?' என்று கேட்டுக்கொள்ளும்படிதான் தம் நடிகர்களைப் பழக்கினார்.

இந்தக் கேள்வியைப் பயிற்சியாக மாற்ற ஒரு சிறிய காட்சி போதும். தாயின் மருத்துவச் செலவுக்குப் பணம் கேட்பதற்காகத் தம்பி ஒருவன் அண்ணனுடைய மளிகைக் கடைக்கு வருகிறான். அண்ணன் நிமிர்ந்து பார்க்காமல் பொட்டலம் மடித்துக்கொண்டிருக்கிறான். சிறிது நேரத்துக்குப் பிறகு தம்பி, "நான் கெளம்புறேண்ணே" என்கிறான். இந்த ஒற்றை வரியைச் 'சோகமாக' சொல்லாதீர்கள். முதல் தடவை, அண்ணன் தடுத்து நிறுத்த மாட்டானா என்று கெஞ்சுவதற்காகச் சொல்லுங்கள். அடுத்த தடவை அவனைக் குற்ற உணர்வில் தள்ளுவதற்காக. பிறகு, இனி உறவே இல்லை என்று மிரட்டுவதற்காக. கடைசியில், வாடிக்கையாளர் முன்னிலையில் அண்ணனுடைய மானத்தைக் காப்பாற்றுவதற்காக. ஒவ்வொரு தடவையும் குரலும் நடையும் கைகளும், நீங்கள் திட்டமிடாமலே, வேறு வேறாக வருவதைக் காண்பீர்கள். எந்தக் காட்சி கையில் கிடைத்தாலும், என் பாத்திரம் எதிரில் இருப்பவரிடமிருந்து எதைப் பெற விரும்புகிறது, எது தடுக்கிறது, அதற்காக இந்த வரியில் அவரை என்ன செய்கிறது என்ற மூன்றையும் வசனத்தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது விடை கட்டாயமாக ஒரு வினைச்சொல்லாக இருக்க வேண்டும். 'வருத்தம்' என்று எழுதினால் அழித்துவிட்டு மீண்டும் யோசியுங்கள்.

உடற்பயிற்சி என்றவுடன் உடற்பயிற்சிக் கூடத்தை நினைக்கிறவர்கள் அதிகம். கட்டுமஸ்தான உடல் சில பாத்திரங்களுக்கு உதவும் என்பது உண்மையே. ஆனால் நடிகருக்கு முதலில் தேவைப்படுவது, தம் உடல் எந்த நேரத்தில் எதைச் செய்துகொண்டிருக்கிறது என்று அறிந்திருப்பது. இதற்கு நான் பரிந்துரைப்பது பூக்கட்டும் பயிற்சி. பூக்கட்டத் தெரிந்த ஒருவரிடம் உட்கார்ந்து, வாழைநாரில் மல்லிகையை வைத்து முடிச்சிடுவதை உண்மையாகவே கற்றுக்கொள்ளுங்கள். ஒரு முழமாவது கட்டுங்கள். பிறகு பூவும் நாரும் இல்லாமல், வெறுங்கையால் அதே வேலையைச் செய்யுங்கள். நாரின் இழுவிசை, மொட்டின் கனமின்மை, முடிச்சை இறுக்கும் விரல், ஈரம் காய்ந்ததும் நாரை நனைக்கும் அசைவு எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து, விட்டுப்போனவற்றைத் திரும்ப உண்மையான பூவிடம் போய்த் தேடுங்கள். தேநீர் ஆற்றுவது, தையல் இயந்திரம் மிதிப்பது, சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவது என்று வாரம் ஒரு வேலையை இப்படிப் பழகினால், ஓர் ஆண்டில் ஐம்பது பேருடைய உடல்கள் உங்களுக்குள் வந்து சேர்ந்திருக்கும்.

நாடகாசிரியர் நா. முத்துசாமி 1977ஆம் ஆண்டில் தொடங்கிய கூத்துப்பட்டறை, நவீன நாடகக் குழுவாக இருந்தபோதிலும் தெருக்கூத்தை நோக்கிச் சென்றதற்கு இந்த உடலறிவும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். கனமான முடியையும் புஜக்கட்டைகளையும் அணிந்துகொண்டு விடிய விடியப் பாடி, பேசி, சுழன்று ஆடும் கூத்துக் கலைஞருக்கு மூச்சைச் சேமிக்கத் தெரியாவிட்டால் நள்ளிரவைத் தாண்ட முடியாது. பசுபதி, குரு சோமசுந்தரம் போன்றவர்கள் அந்தப் பட்டறையிலிருந்து திரைக்கு வந்தவர்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கராக வேலை பார்த்தபடியே நடிகர்களைக் கவனித்துவந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. பயிற்சி பெறுவோரைப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு பயிற்சி என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

குரலுக்கு நாள்தோறும் இருபது நிமிடங்கள் ஒதுக்குங்கள். மல்லாந்து படுத்து, வயிற்றின்மேல் ஒரு புத்தகத்தை வைத்து, மூச்சை உள்ளிழுக்கும்போது புத்தகம் உயர்வதை உறுதி செய்துகொண்டு, 'ஸ்' என்ற ஒலியோடு மெதுவாக வெளியே விடுங்கள். தொடக்கத்தில் பதினைந்து எண்ணும் வரை தாக்குப்பிடித்தால் போதும். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். அதன்பின் வாயை மூடி ஐந்து நிமிடம் முனகல் ஒலி, பிறகு உரக்க வாசிப்பு. தொண்டை எரிச்சல் எடுக்கும்வரை கத்துவது பயிற்சியே ஆகாது. உச்சரிப்பில், 'வலி, வளி, வழி' மூன்றையும் 'அரம், அறம்' இரண்டையும் கேட்பவருக்கு ஐயமில்லாமல் பிரித்துச் சொல்லத் தெரிந்தபிறகு, "ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல்மேல் சருசருக்கி வழுவழுக்கிக் கீழே விழுந்தான்" என்ற வரியை முதலில் ஆமை வேகத்திலும் பிறகு ஓட்டமாகவும் சொல்லிப் பாருங்கள். வட்டார வழக்கு வேண்டுமென்றால், திரைப்படங்களில் கேட்ட நெல்லைத் தமிழையோ கோவைத் தமிழையோ நகலெடுக்காமல், அந்த ஊர்க்காரர் ஒருவரை அரை மணி நேரம் தம் ஊர்க்கதையைப் பேசவிட்டு, அனுமதியோடு பதிவு செய்து கேளுங்கள். 'ஏலே', 'ஏனுங்க' ஆகியவற்றைச் செருகுவதால் வழக்கு வந்துவிடாது. வாக்கியம் எந்த இடத்தில் இழுபடுகிறது, எங்கே விழுகிறது என்பதில்தான் அது இருக்கிறது.

வசனத்தை ஏற்ற இறக்கத்தோடு மனப்பாடம் செய்துவிட்டால், எதிரே இருப்பவர் என்ன சொன்னாலும் உங்கள் ஏற்ற இறக்கம் மாறாது. எனவே பாத்திரம் கழுவும்போதோ துணி மடிக்கும்போதோ, எந்த உணர்ச்சியும் ஏற்றாமல், வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் சொல்லிச் சொல்லிப் பாடம் செய்யுங்கள். தமிழ்ப் படப்பிடிப்புகளில் உதவி இயக்குநர் அருகில் நின்று பிராம்ப்டிங் கொடுப்பது, அதாவது வசனத்தை எடுத்துக்கொடுப்பது, வழக்கமாக இருப்பதால், பாடம் செய்வது வீண் வேலை என்று சில புதியவர்கள் எண்ணுகிறார்கள். பிராம்ப்டிங்கை நம்பி நிற்பவரின் காது உதவி இயக்குநரிடம் போய்விடும். எதிரில் நிற்கும் நடிகர் பேசுவது அவருக்குக் கேட்பதில்லை என்பது திரையில் அப்பட்டமாகத் தெரியும். கேட்கும் திறனுக்குத் தனிப் பயிற்சியே உண்டு: ஒரு நண்பரோடு எதிரெதிரே அமர்ந்து, அவர் சொல்லும் வரியைக் கேட்டு, அதில் எந்தச் சொல் உங்களைப் பேசத் தூண்டுகிறதோ அந்தச் சொல்லை மனத்தில் பிடித்தபிறகே உங்கள் வரியைச் சொல்லுங்கள். இடைவெளி நீண்டாலும் பரவாயில்லை.

கேமரா முன்னால் நடிப்பதற்குக் கைப்பேசியே போதுமான ஆசிரியர். அண்ணன் தம்பிக் காட்சியை, ஐம்பது பேர் அமர்ந்திருக்கும் மண்டபத்துக்கு நடிப்பதுபோல் ஒரு முறையும், முகம் மட்டும் தெரியும் குளோசப்பில் ஒரு முறையும் எடுத்துப் பாருங்கள். மண்டபத்தில் இயல்பாக இருந்த புருவ அசைவு குளோசப்பில் பூகம்பமாகத் தெரியும். எந்தச் சொல்லில் டம்ளரைத் தூக்கினீர்களோ அடுத்த டேக்கிலும் அதே சொல்லில் அதே கையால் தூக்கப் பழகுவது கன்டினியூட்டிக்கு, அதாவது காட்சித் தொடர்ச்சிக்கு, அவசியம். தரையில் சாக்பீஸால் குறியிட்டு, குனிந்து பார்க்காமல் நடந்து வந்து அதன்மேல் நிற்கவும் பழகுங்கள். டப்பிங்குக்கு, நீங்கள் நடித்த ஒரு நிமிடக் காணொளியின் ஒலியை நிறுத்திவிட்டு, உதட்டசைவைப் பார்த்தபடி மீண்டும் பேசிப் பதிவு செய்யுங்கள். முதல் முறை கேட்கும்போது உங்கள் குரலே உங்களுக்கு அந்நியமாக ஒலிக்கும். பத்தாவது முறையில் பழகிவிடும்.

இவற்றைத் தனியாகச் செய்வதற்கு ஓர் எல்லை உண்டு என்பதால், ஊரில் உள்ள ஏதேனும் ஒரு நாடகக் குழுவில் சேருங்கள். முதல் நாடகத்தில் திரை இழுக்கும் வேலைதான் கிடைத்தாலும் ஒத்திகைகளை உட்கார்ந்து பார்க்கலாம். வாய்ப்பு வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் மட்டும் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். நடிகருக்குச் சம்பளம் தருவதுதான் தொழிலின் முறை.

ஆடிஷனுக்குக் காணொளி கேட்டால், வெறுஞ்சுவரின் முன் நின்று, சன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி, மின்விசிறியை நிறுத்திவிட்டு எடுங்கள். எதிர்ப்பாத்திரத்தின் வரிகளைப் படிப்பவர் கேமராவை ஒட்டி நிற்கட்டும். உங்கள் பார்வை அவர்மேல் இருக்கட்டும். ஒரே காட்சியை இரண்டு வேறு வினைச்சொற்களை வைத்து எடுத்து, ஓர் இரவு கழித்துப் பார்த்துவிட்டு, எதை அனுப்புவது என்று முடிவு செய்யுங்கள்.