ராத்திரி கைதா? வக்கீலைத் தேடும் முன் செய்ய வேண்டியவை

மதுரை கோர்ட்டுகளில் 26 வருடம் வக்கீல் குமாஸ்தாவாக வேலை பார்த்தேன். ராத்திரி பதினோரு மணிக்கு வரும் போன் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். "தம்பியைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க அண்ணே, நல்ல வக்கீல் யாராவது சொல்லுங்க." நான் பெயர் சொல்ல மாட்டேன். எந்த ஸ்டேஷன், க்ரைம் நம்பர் (எஃப்.ஐ.ஆர். எண்) என்ன, என்ன பிரிவு போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.

காரணம் இருக்கிறது. மேலூர் ஸ்டேஷன் வழக்கு என்றால் மேலூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குத்தான் போகும். அங்கே தினமும் நிற்கிற வக்கீல், எங்கிருந்தோ வரும் பெரிய பெயரைவிட உங்களுக்குப் பயன்படுவார். காலை பத்தரைக்கு அந்தக் கோர்ட்டில் போய் உட்காருங்கள். யார் வழக்குக் கட்டைப் படித்துவிட்டு வந்து பேசுகிறார், யார் வாய்தா மட்டும் கேட்கிறார் என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். வக்கீல்கள் விளம்பரம் செய்து வழக்குப் பிடிக்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஸ்டேஷன் வாசலில் தானாக வந்து கார்டு நீட்டுபவரை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

வக்கீலைப் பார்க்கும்போது எஃப்.ஐ.ஆர். நகலோடு போங்கள். பாலியல் வழக்கு போன்றவை தவிர மற்றவை தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே கிடைக்கும். ஜாமீனுக்கு எவ்வளவு, விசாரணைக்கு எவ்வளவு என்று ஃபீஸைத் தனித்தனியாகக் கேளுங்கள். நீங்களே ஆஜராவீர்களா, ஜூனியரை அனுப்புவீர்களா என்றும் கேட்டுவிடுங்கள். "கண்டிப்பா வெளியே எடுத்துடுவேன்" என்று உறுதி சொல்பவரிடம் வேண்டாம்.

நீங்கள் வைக்கும் வக்கீலிடம் எதையும் மறைக்காதீர்கள். ஒரு அம்மா, மகன் மேல் இருந்த பழைய அடிதடி வழக்கைச் சொல்லவில்லை. அரசு வக்கீல் அதை எடுத்துப் படித்தபோது எங்கள் சீனியரிடம் பதில் இல்லை. மனு தள்ளுபடி ஆனது. முன்பே சொல்லியிருந்தால் அதற்கும் சேர்த்துத் தயாராகியிருப்பார்.

பணம் இல்லையென்றால் 15100க்குப் போன் செய்யுங்கள், அல்லது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

அப்புறம், எல்லோரும் கேட்கிற கேள்விகள். எத்தனை நாள் ஸ்டேஷனில் வைக்கலாம்? பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டுக்கும் தெரிவிக்க வேண்டும். போலீஸ் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் கதை முடிந்ததா? இல்லை. போலீசிடம் கொடுத்த ஒப்புதலைக் கொண்டு குற்றத்தை நிரூபிக்க முடியாது. அதன் பேரில் ஏதாவது பொருள் கைப்பற்றப்பட்டால் அந்த அளவுக்குச் செல்லும். அதனால் மிரட்டியோ அடித்தோ வாங்கியிருந்தால் ரிமாண்டின்போதே, அதாவது காவலில் வைக்க உத்தரவு கேட்டு மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போதே, அவரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

இன்னொன்றை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: ரிமாண்ட் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அந்தத் தேதியிலிருந்து, மரண தண்டனை, ஆயுள், பத்து வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களுக்கு 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உங்கள் உரிமை. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) 187ஆம் பிரிவு இது. ஆனால் தானாகக் கிடைக்காது, மனுப் போட வேண்டும். நீங்கள் மனுப் போடுவதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். கெடு முடிந்த மறுநாள் காலையே வக்கீல் கையில் மனு தயாராக இருக்க வேண்டும்.

ஜாமீன் மனுப் போடும் அன்றே ஜாமீன்தாரர் இருவரிடம் பேசி, ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது எல்லாம் எடுத்து வையுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உத்தரவு வந்தும், ஆள் கிடைக்காமல் திங்கள்கிழமை வரை உள்ளே இருந்த பையன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.