சேர் ஓய்வு பெறப்போகிற வருடம் அணியைக் கொண்டுபோவது எப்படி?

இருபது வருடமாக ஒரே சேர் பழக்கிய பாடசாலை உதைபந்தாட்ட அணி, அவருக்கு இந்தப் பருவத்தோடு 60 முடிகிறது. பொறுப்பாசிரியரோ பழைய மாணவரோ, இப்போது நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஒன்றைச் செய்யாமல் இருங்கள். ஒவ்வொரு போட்டிக்கு முன்னும் பெடியளைக் கூப்பிட்டு "இது சேருக்காக" என்று சொல்லாதீர்கள். எங்கள் காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள், அரையிறுதியில் தண்ட உதை அடிக்கப் போனவன் பந்தைப் பார்க்காமல் சேரின் முகத்தைப் பார்த்தான், பந்து மதிலுக்கு அங்கால் போனது (நான்தான் அது, விடுங்கள்).

உண்மையான வேலை, சேரின் தலைக்குள் இருப்பதை அவர் போவதற்குள் கொப்பியில் ஏற்றுவது. வீட்டுக்குப் போய்க் கதிரை போட்டு "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கோ" என்று கேட்டால் தேத்தண்ணீரோடு பழைய கதைதான் வரும். போட்டி நடக்கும்போது பக்கத்தில் இருங்கள். ஒருவனை வெளியே எடுக்கிறாரா, ஏன் என்று அடுத்த நாள் கேளுங்கள். அன்றைக்கே கேட்டால் ஏச்சுத்தான் விழும். எங்கள் சேர் சோளகக் காற்று வீசும் மாதங்களில் நாணயச் சுழற்சியில் வென்றால் முதல் பாதியில் காற்றுக்கு எதிராகத்தான் விளையாட வைப்பார். எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகவே பட்டது. கடைசி இருபது நிமிடம் கால் ஓய்ந்துபோகும்போது காற்றாவது தள்ளிவிடட்டும் என்பது அவர் கணக்கு. யாழ்ப்பாணம் துரையப்பா அரங்கில் பண்ணைக் கடல் பக்கக் காற்றுக்குள் நின்று விளையாடியவர்களுக்கு இது விளங்கும். ஆனால் 2019இல் விதி மாறியதிலிருந்து, வென்ற அணி பக்கத்தையும் எடுக்கலாம், தொடக்க உதையையும் எடுக்கலாம். நீங்கள் உதையை எடுத்தால் பக்கத்தை மற்ற அணி தெரிவு செய்துவிடும், அவர் கணக்கும் அதோடு போச்சு. தலைவனுக்கு இதைச் சொல்லி அனுப்புங்கள்.

அடுத்து வரப்போகிறவருக்குப் பயிற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கையில் கொடுங்கள்: முதலில் உடல் சூடேற்றுவது, பிறகு மூலை உதை, பிறகு ஒரு முழுச் சிநேகபூர்வப் போட்டி. அந்தப் போட்டியன்று சேரை எதிர்ப் பக்கக் கோலுக்குப் பின்னால் இருத்துங்கள், இல்லாவிட்டால் புதியவர் கத்தக் கத்தப் பெடியள் சேரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். சேருக்கும் இது கஷ்டம்தான். அவரிடம் முன்கூட்டியே, தனியாக, ஒருவர் மட்டும் போய்க் கதையுங்கள்.

சில்லறை வேலைகளும் இருக்கு. களஞ்சியத் திறப்பு, பந்துக்குக் காற்றடிக்கும் பம்ப், பெடியளின் பிறப்புச் சான்றிதழ் பிரதிகள், அவசரத்துக்கு வான் தருகிறவரின் இலக்கம். இதெல்லாம் அவருடைய சட்டைப்பையிலும் ஞாபகத்திலும்தான் கிடக்கும். ஒரு பின்னேரம் போதும், எழுதி எடுத்துவிடலாம்.

பொன்னாடை, மாலை, பேச்சு எல்லாம் கடைசிப் போட்டிக்குப் பிறகு. முன்பு வேண்டவே வேண்டாம். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறவர்களை ஒழுங்கமைப்பு வேலைக்கு இழுக்காதீர்கள், அதைப் பழைய மாணவர்கள் பார்க்கட்டும். புதுப் பருவம் தொடங்கினால் சேரை முதல் நாளே மைதானத்துக்குக் கூப்பிட வேண்டாம். இரண்டு மூன்று போட்டி போகட்டும், புதியவரே நேரில் போய்க் கூப்பிடட்டும்.