கர்ப்பகால, குழந்தை வளர்ப்பு நூலைத் தேர்ந்தெடுப்பது எப்படி? 20 நிமிடச் சோதனை

கர்ப்பம் உறுதியானதும் வீட்டுக்கு வந்து சேரும் முதல் நூல் பெரும்பாலும் யாராவது கொடுத்ததாகத்தான் இருக்கும். அக்கா படித்தது, சித்தி எடுத்து வைத்திருந்தது, புத்தகக் கண்காட்சியில் தோழி வாங்கி வந்தது. அன்போடு வந்த நூல்தான். ஆனால் அது அச்சான பிறகு தடுப்பூசி அட்டவணை மாறியிருக்கிறது, இரும்புச்சத்து மாத்திரையின் அளவு மாறியிருக்கிறது. ரொம்பப் பழைய நூலாக இருந்தால், குழந்தையைப் படுக்க வைக்கும் முறைகூட அதில் தப்பாக இருக்கலாம்.

அட்டையையும் பெயரையும் நம்பாமல், நூலைக் கையில் எடுத்து சோதித்துப் பார்க்கும் வழி இது. மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. எந்தப் பக்கத்தைத் திருப்ப வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

படி 1: எந்தக் கட்டத்துக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கருத்தரிப்பில் தொடங்கி பள்ளிக்கூடம் சேர்ப்பது வரை 200 பக்கத்தில் சொல்லும் நூல் எதையுமே போதுமான அளவு சொல்லாது. தேவையை மூன்றாகப் பிரியுங்கள்: கர்ப்பமும் பிரசவமும், பிறந்த நாள் முதல் 1 வயது வரை, 1 முதல் 5 வயது வரையான குணமும் பழக்கமும். முதல் இரண்டையும் 5-ஆம் மாதத்துக்குள் வாங்கிவிடுங்கள். மூன்றாவதற்கு அவசரமில்லை.

5-ஆம் மாதம் என்பதற்குக் காரணம் உண்டு. 7-ஆம் மாதத்தில் வளைகாப்பு முடிந்து பலர் தாய்வீடு போகிறார்கள். பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டுவதும் முதல் வாரத்தில் முடிவெடுப்பதும் அங்கே அம்மா, பாட்டி கையில் இருக்கும். ஆகவே இரண்டாவது நூலை அவர்களும் படிக்க வேண்டும். எழுத்து பெரிதாகவும் நடை எளிதாகவும் இருக்கிறதா என்று அவர்களுக்காகவும் பாருங்கள். நீங்கள் ஆங்கிலத்தில் சரளமாகப் படிப்பவராக இருந்தாலும், இந்த ஒன்று தமிழில் இருப்பது நல்லது.

படி 2: பதிப்புரிமைப் பக்கத்தைப் படியுங்கள்

தலைப்புப் பக்கத்தின் பின்பக்கம்தான் இது. பலரும் தாண்டிவிடும் பக்கம், ஆனால் நூலின் வயது இங்கேதான் தெரியும். ‘முதற்பதிப்பு 1996, பன்னிரண்டாம் பதிப்பு 2022’ என்று இருந்தால் 2022-இல் திருத்தியது என்று நினைத்துவிட வேண்டாம். தமிழ்ப் பதிப்புலகில் மறுஅச்சையும் ‘பதிப்பு’ என்றே போடுவது வழக்கம். ‘திருத்திய பதிப்பு’, ‘திருத்தி விரிவாக்கப்பட்ட பதிப்பு’ என்று தனியாகச் சொல்லியிருக்கிறதா, முன்னுரையில் எவை மாற்றப்பட்டன என்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். மொழிபெயர்ப்பு நூலில் தமிழ்ப் பதிப்பின் ஆண்டைப் பார்த்துப் பயனில்லை. மூலநூலின் எந்த ஆண்டுப் பதிப்பிலிருந்து பெயர்த்தார்கள் என்பதே கணக்கு.

ஆண்டைச் சரிபார்க்க, உள்ளே இருக்கும் மூன்று அடையாளங்கள் உதவும்.

கர்ப்பிணிக்கு டெட்டனஸுக்கு மட்டுமான ‘டிடி (TT) ஊசி’ என்று இருந்தால், பழைய நூல். அரசுத் திட்டத்தில் அந்த இடத்தில் இப்போது போடுவது டெட்டனஸோடு டிப்தீரியாவுக்கும் சேர்த்த டிடி (Td) ஊசி. தமிழில் இரண்டின் சுருக்கமும் ஒரே மாதிரி ஒலிக்கும் என்பதால், டிப்தீரியா என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரும்புச்சத்து மாத்திரை 100 மி.கி., 100 நாள் என்று இருந்தால், அதுவும் பழசு. 2018-இல் வந்த ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தின்படி 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரை, 4-ஆம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, குறைந்தது 180 நாள். உங்கள் ரத்த அளவைப் பார்த்து மருத்துவர் கூட்டியும் தரலாம்.

குழந்தைக்கான தடுப்பூசிப் பட்டியலில் ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பென்டாவேலன்ட் இல்லையென்றால் அது 2011-க்கு முந்தைய அட்டவணை. தமிழ்நாட்டில் அந்த ஊசி அரசுத் திட்டத்துக்கு வந்தது அந்த ஆண்டு டிசம்பரில்தான். 9-ஆம் மாதத்தில் தட்டம்மை மட்டும் இருந்து ரூபெல்லா இல்லையென்றாலும் அது பழைய பட்டியல்தான்.

மூன்றில் ஒன்று தவறினாலே நூல் குப்பை என்று அர்த்தமில்லை. மருந்து, ஊசி, அளவு பற்றி அது சொல்லும் எதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அர்த்தம்.

படி 3: எழுதியவர் யார்?

‘டாக்டர்’ என்ற முன்னொட்டு முனைவர் பட்டத்துக்கும் உண்டு. பெயருக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். கர்ப்பகால நூலுக்கு மகப்பேறு மருத்துவத்தில் எம்.டி., எம்.எஸ். அல்லது டிஜிஓ பட்டயம், குழந்தை நூலுக்கு குழந்தைகள் மருத்துவத்தில் எம்.டி. அல்லது டிசிஎச் பட்டயம். செவிலியரோ தாய்ப்பால் ஆலோசகரோ எழுதிய நல்ல நூல்களும் உண்டு. பால் புகட்டும் நிலை, மார்புக்காம்பு வெடிப்பு போன்றவற்றில் அவர்களே கூடுதலாக உதவுவார்கள். ஒரு பத்திரிகையாளர் எழுதியிருந்தால், மருத்துவப் பகுதியைச் சரிபார்த்தவர் பெயர் முன்னுரையில் இருக்க வேண்டும்.

இலவசமாகக் கைக்கு வரும் கையேடுகளில் அச்சிட்டவர் பெயரைப் பாருங்கள். குழந்தைப் பால்பவுடரையும் பால்புட்டியையும் விளம்பரப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் 1992 முதல் இருக்கிறது. 2003-இல் இன்னும் இறுக்கினார்கள். அப்படி ஒரு பொருளின் பெயரோ படமோ உள்ளே இருந்தால், கீழே வைத்துவிடுங்கள்.

படி 4: இந்தப் பக்கங்களைத் திருப்புங்கள்

இந்தப் படிக்குத்தான் நேரம் செலவிட வேண்டும். முன்னுரையில் எல்லா நூலும் நன்றாகத்தான் இருக்கும். தரம் தெரிவது கீழே சொல்லும் இடங்களில்தான்.

முதல் பால். சீம்பாலைப் பிழிந்து கொட்டச் சொன்னாலோ, முதலில் சேனைத் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், தேன் வைக்கச் சொன்னாலோ வாங்க வேண்டாம். பிறந்த 1 மணி நேரத்துக்குள் பால் கொடுக்கத் தொடங்கி, 6 மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர்கூட வேண்டியதில்லை. தேனை 1 வயது வரை தொடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய பாக்டீரியா வித்துகள் சிறு குழந்தையின் குடலில் வளர்ந்து நச்சை உண்டாக்கும். ‘4-ஆம் மாதத்திலிருந்து கூழ்’ என்று இருந்தால் அது பழைய அறிவுரை. உலக சுகாதார நிறுவனம் 6 மாதம் என்று உறுதி செய்தது 2001-இல்.

குளியல். நம் ஊர் நூல்களைப் பிரித்துக் காட்டும் பக்கம் இதுதான். மூக்கில் எண்ணெய் விடுவது, மூக்கையும் தலையையும் அழுத்தி உருவம் கொண்டுவருவது, காதிலும் மூக்கிலும் ஊதுவது, சாம்பிராணிப் புகை பிடிப்பது. இவற்றை ‘பாரம்பரிய முறை’ என்று பாராட்டும் நூலும் உண்டு, ஏன் கூடாது என்று விளக்கும் நூலும் உண்டு. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரலாம். ஒரு நல்ல நூல் பாட்டியைக் குறை சொல்லாது. மாலிஷ் செய்யலாம், மெதுவாக, மூக்குப் பக்கம் எண்ணெய் போகாமல் என்று வழி சொல்லும். தொப்புள்கொடியில் எதுவும் தடவாமல் உலரவிட வேண்டும் என்பதும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும்.

தூக்கம். மல்லாந்து படுக்க வைக்க வேண்டும், 1 வயது வரை ஒவ்வொரு தூக்கத்துக்கும். குப்புறப் படுத்தால் நன்றாகத் தூங்கும் என்று போன நூற்றாண்டில் பெயர்பெற்ற மருத்துவர்களே எழுதினார்கள். திடீர் மரணங்களோடு அதற்குள்ள தொடர்பு தெரிந்து, 1990-களின் தொடக்கத்தில் பல நாடுகள் மல்லாந்து படுக்க வைக்கச் சொன்ன பிறகு இறப்புகள் பெருமளவு குறைந்தன. பெயர் பெரிதாக இருந்தாலும் இந்தப் பக்கத்தைப் பாருங்கள் என்று சொல்வது அதனால்தான்.

வயிற்றுப்போக்கு. ஒரு நூலின் துல்லியத்தை அளக்க இதைவிட நல்ல பக்கம் கிடையாது. ‘ஓஆர்எஸ் கொடுக்கவும்’ என்று ஒரே வரியில் முடித்தால் அது உதவாது. 1 லிட்டருக்கான பாக்கெட்டில் உள்ள முழுத் தூளையும் கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் ஒரே தடவையாகக் கரைக்க வேண்டும், 24 மணி நேரத்துக்கு மேல் மீதியைக் கொட்டிவிட வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டும். கொஞ்சம் தூளை ஒரு டம்ளரில் கண்ணளவுக்குப் போட்டால் உப்பு அதிகமாகி குழந்தையின் ரத்தத்தில் சோடியம் ஏறும், தண்ணீர் கூடினால் வேலை செய்யாது. கடையில் 200 மி.லி. பாக்கெட்டும் கிடைக்கிறது என்று எச்சரித்தால் அந்த ஆசிரியர் உண்மையிலேயே தாய்மார்களோடு பேசியிருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு முறை போன பிறகும் 2 வயதுக்குள் 50 முதல் 100 மி.லி., அதற்கு மேல் 100 முதல் 200 மி.லி.; கூடவே 14 நாள் துத்தநாக (ஜிங்க்) மருந்து. ‘வயிற்றைக் காயப் போடு’ என்று இருந்தால் மூடிவிடுங்கள். பாலும் சாப்பாடும் நிற்கக் கூடாது.

தவிர்க்க வேண்டிய உணவு. பட்டியல் மட்டும் இருக்கிறதா, காரணமும் இருக்கிறதா? பால் வடியும் பப்பாளிக்காய்க்கும் நன்றாகப் பழுத்த பப்பாளிக்கும் வித்தியாசம் சொல்ல வேண்டும். காய்ச்சாத பால், அரைவேக்காட்டு முட்டை, மது ஆகியவை பட்டியலில் இருக்க வேண்டும். ‘இரண்டு பேருக்குச் சாப்பிடு’ என்றிருந்தால் தவறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020-இல் சொன்ன கூடுதல் தேவை நாளுக்கு 350 கலோரிதான். குங்குமப்பூ குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்பதும், ஆண் குழந்தை பிறக்க வழி என்று ஓர் அத்தியாயமும் இருந்தால் அந்த நூலில் வேறு எதையும் நம்ப முடியாது. இரண்டாவது, பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கத்துக்கே எதிரானது.

படி 5: எந்த ஊருக்கு எழுதியது?

வெளிநாட்டு நூல்களில் விளக்கமும் படமும் அருமையாக இருக்கும், வாங்கலாம். கருவின் வளர்ச்சி, பிரசவ வலியின் கட்டங்கள், பால் புகட்டும் நிலைகள் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். மாறுவது பரிசோதனையும் ஊசியும் விடுப்பும். அமெரிக்க நூலில் கர்ப்பகாலச் சர்க்கரைக்கு முதலில் 50 கிராம் குளுக்கோஸ், 1 மணி நேரம் என்று இருக்கும். இங்கே பரவலாகச் செய்வது 75 கிராம், 2 மணி நேரம், வெறும் வயிறு தேவையில்லை, ரத்தச் சர்க்கரை 140-ஐ எட்டினால் கர்ப்பகாலச் சர்க்கரை. இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘நமக்குத் தப்பாகச் செய்துவிட்டார்கள்’ என்று பயப்படுகிறவர்கள் பலர். காசநோய்க்கு எதிரான பிசிஜி ஊசி அந்த நூலில் இருக்காது. நமக்கு அது பிறந்தவுடன் போடுவது. சம்பளத்தோடு 26 வாரம் பேறுகால விடுப்பு என்று 2017-இல் மாறியதும் அதில் இருக்காது.

படி 6: ராத்திரி 2 மணிக்கு உதவுமா?

நூலை மூடுங்கள். ‘குழந்தை அசைவு குறைவு’ என்ற பக்கத்தை 30 விநாடிக்குள் கண்டுபிடிக்கப் பாருங்கள். பின்னால் சொல்லடைவு இருந்தால் முடியும். தமிழ் நூல்கள் பலவற்றில் அது இல்லை; அப்படியானால் பொருளடக்கமாவது விரிவாக இருக்க வேண்டும். அபாய அறிகுறிகள் ஒரே பக்கத்தில் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்: ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், அசைவு குறைதல், கடும் தலைவலியோடு கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல், வலிப்பு, காய்ச்சல். பக்கத்திலேயே ‘உடனே மருத்துவமனை’ என்று இருக்க வேண்டும், வீட்டு வைத்தியம் இருக்கக் கூடாது.

தாயின் மனநிலைக்குத் தனி இடம் உண்டா என்பதையும் விட்டுவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பின் வரும் அழுகையும் சோர்வும் 2 வாரத்தைத் தாண்டினால் அது மனச்சோர்வாக இருக்கலாம், சிகிச்சை உண்டு என்று சொல்லாத நூல் பாதி நூல்தான்.

படி 7: 1 வயதுக்குப் பிறகான நூல்

இங்கே வேறு சோதனை. நடப்பதைப் பற்றி ‘12-ஆம் மாதத்தில் நடக்கும்’ என்று ஒற்றை எண் கொடுத்திருந்தால் அந்த நூல் உங்களை வீணாகக் கலங்கடிக்கும். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட சில நாடுகளின் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துத் தந்த வரம்பு, தனியாக நடக்க ஏறக்குறைய 8 மாதம் முதல் 17½ மாதம் வரை. வரம்பும், அதைத் தாண்டினால் யாரைப் பார்ப்பது என்பதும் இருக்க வேண்டும்.

அடம் பிடிப்பது பற்றிய அத்தியாயத்தில் ஒரு முழு உதாரணம் இருக்கிறதா என்று தேடுங்கள்: கடையில் தரையில் புரண்டு அழும் 2 வயதுக் குழந்தையிடம் என்ன சொல்வது, எந்தத் தொனியில், ஓயாவிட்டால் அடுத்து என்ன என்று. ‘அன்போடு நடந்துகொள்ளுங்கள்’ என்ற அறிவுரை மட்டும் இருந்தால் காசு வீண். அடியைப் பரிந்துரைக்கும் நூலும் வேண்டாம். தாத்தா பாட்டியோடு ஒரே வீட்டில் இருக்கும்போது, ஒருவர் மறுத்ததை இன்னொருவர் கொடுப்பதை எப்படிச் சமாளிப்பது என்று பேசுகிற நூல் கிடைத்தால் விடாதீர்கள்.

வாங்கும் முன்னும் பின்னும்

முதலில் நூலகத்தில் பாருங்கள். உங்கள் ஊர்க் கிளை நூலகம் போதும், சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம். இணையத்தில் வாங்குவதானால் மாதிரிப் பக்கங்களில் பொருளடக்கமாவது தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு நூல் போதும். ஐந்து நூல் ஐந்து விதமாகச் சொன்னால் தூக்கம்தான் கெடும்.

அரசு தரும் தாய் சேய் நல அட்டையை நூலுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். ஊசி, மாத்திரை, எடை பற்றி நூலும் அட்டையும் வேறு வேறாகச் சொன்னால், நூலில் அந்த வரியின் பக்கத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டு, அடுத்த பரிசோதனையில் அந்தப் பக்கத்தையே விரித்துக் காட்டிக் கேளுங்கள். பதிலை அங்கேயே தேதியோடு எழுதுங்கள். பிறகு அந்த நூலைத் தங்கைக்கோ தோழிக்கோ கொடுக்கும்போது, எந்தெந்தப் பக்கம் மாறிவிட்டது என்று முதல் பக்கத்தில் ஒரு பட்டியல் எழுதிக் கொடுங்கள்.