ரிமோட் ஹாம் நிலையம்: கேட்பதற்கு முன் அணைக்க வழி பாருங்கள்

வீடு பெங்களூரில், வேலை ஓசூரிலோ சென்னையிலோ. மொட்டைமாடியில் ஹாம் ரேடியோவுக்காக (உரிமம் பெற்றவர்கள் பொழுதுபோக்காக இயக்கும் வானொலி) கட்டிய 40 மீட்டர் அலைவரிசை டைபோல் ஆன்டெனா சும்மா தொங்குகிறது. லேப்டாப்பிலிருந்தே வீட்டு ரேடியோவை இயக்கலாமே என்று தோன்றத்தான் செய்யும். கேட்பதற்கும் பேசுவதற்கும் வழி செய்துவிட்டு, நிறுத்துவதை மறந்துவிடுவதுதான் இதில் பெரிய தவறு.

நெட் பாதியில் அறுந்தால் பிடிடி (ரேடியோவை டிரான்ஸ்மிட்டுக்கு, அதாவது ஒலிபரப்புக்கு, மாற்றும் ஸ்விட்ச்) அழுத்தியபடியே நின்றுவிடலாம். யுஎஸ்பி கேபிளில் ஆர்எஃப் (ரேடியோ அலை) ஏறிக் கம்ப்யூட்டர் உறைந்தாலும் அதே கதைதான். சீரியல் போர்ட்டின் ஆர்டிஎஸ், டிடிஆர் கம்பிகள் வழியாக பிடிடி கொடுத்திருந்தால், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும்போதே ரேடியோ டிரான்ஸ்மிட்டுக்குப் போகக்கூடும். அதைவிட, கம்ப்யூட்டர் ரேடியோவுக்கு டேட்டாவாக அனுப்பும் கேட் (CAT) கட்டளை மேல். ரேடியோ மெனுவில் டைம் அவுட் டைமர் (குறித்த நேரம் தாண்டினால் டிரான்ஸ்மிட்டைத் தானே நிறுத்துவது) இருந்தால், கையோடு 3 நிமிடத்துக்கு வைத்துவிடுங்கள்.

இது போதாது. ரேடியோவின் 13.8 வோல்ட் சப்ளையை வெட்ட ஒரு ஸ்மார்ட் பிளக் வேண்டும். அதை அதே ரௌட்டரில் சேர்த்தால் பயனில்லை, நெட் போனால் அதுவும் போய்விடும். பழைய போனில் வேறு சிம் போட்டு, அதன் ஹாட்ஸ்பாட்டில் சேருங்கள். கரண்ட் போய் வந்தால் பிளக் ஆஃபில் இருக்க வேண்டும். ரேடியோவை இயக்கும் மினி பிசி மட்டும் தானாக எழ வேண்டும், அதற்கு பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங் திரை) அமைப்பு உண்டு. அப்புறம், டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும், அலையை வெளியே விடாத கருவி) டிரான்ஸ்மிட் செய்துகொண்டே ரௌட்டர் வயரைப் பிடுங்கிப் பாருங்கள். ரேடியோ தானாக அடங்கவில்லையென்றால் ஊருக்குக் கிளம்பாதீர்கள்.

ஏப்ரல், மே மாத சாயங்கால இடிமழையைப் பற்றிப் பெங்களூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் இருந்தால் ஆன்டெனாவின் கோஆக்ஸ் கேபிளைக் கழற்றிவிடுவோம். இல்லாதபோது அந்த வேலையை ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) செய்ய வேண்டும். அதைச் சிலர் தலைகீழாக இணைக்கிறார்கள்: ரிலேவுக்கு கரண்ட் கொடுத்தால்தான் ஆன்டெனா எர்த்தாகும். மழைக்காற்று அடித்ததும் முதலில் போவதே கரண்ட்தானே! கரண்ட் இல்லாத நிலையில் ஆன்டெனா ரேடியோவை விட்டு விலகி எர்த்தில் இருக்கும்படி இணையுங்கள். நேரடியாக இடி விழுந்தால் எந்த ரிலேயும் காப்பாற்றாது. பல நாள் வெளியூர் என்றால் கழற்றிவைத்துவிட்டே போகலாம்.

வெளியிலிருந்து நுழைவதற்காக ரௌட்டரில் போர்ட் திறப்பது இன்னொரு வழக்கமான தவறு. பல பிராட்பேண்ட் இணைப்புகளில் பொது ஐபி (வெளியிலிருந்து எட்டக்கூடிய இணைய முகவரி) நமக்கென்று தனியாகக் கிடைப்பதில்லை, அதனால் அது வேலையே செய்யாது. வேலை செய்தால் இன்னும் ஆபத்து: யாரோ ஒருவர் உங்கள் கால் சைனில் (உரிமத்தோடு கிடைக்கும் அடையாளக் குறி) ஒலிபரப்பலாம். டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் (உங்கள் கருவிகளுக்கு மட்டுமான மறைகுறியாக்கப்பட்ட இணைப்பு) போதும்.

எஃப்டி8 (கம்ப்யூட்டர் வழியாகக் குறுஞ்செய்தி பரிமாறும் டிஜிட்டல் முறை) ஆடுபவர்கள் ஒலியை நெட் வழியாக இழுக்க வேண்டாம். மென்பொருள் வீட்டு மெஷினிலேயே ஓடட்டும், திரையை மட்டும் தூரத்திலிருந்து பாருங்கள். 15 விநாடிக் கணக்கில் ஓடும் முறை என்பதால் அந்த மெஷினின் கடிகாரமும் சரியாக இருக்க வேண்டும்.

ரேடியோ வீட்டில்தானே இருக்கிறது என்று உரிம விஷயத்தை அசட்டையாக விடாதீர்கள். நிபந்தனைகளைப் படித்து, சந்தேகம் இருந்தால் டபிள்யூபிசிக்கு (அலைவரிசை உரிமங்களைக் கவனிக்கும் மத்திய அரசுப் பிரிவு) எழுதிக் கேளுங்கள். உரிமம் இல்லாத நண்பருக்கு லாகின் கொடுக்கவே கூடாது.

கடைசியாக, வீட்டில் இருப்பவரிடம் எந்த ஸ்விட்ச் என்று காட்டி, அவர் கையாலேயே ஒருமுறை அணைக்கச் சொல்லுங்கள். "பச்சை லைட் எரியுதே, அந்தப் பெட்டிம்மா" என்று போனில் விளக்கினால், அம்மா ரௌட்டரைத்தான் அணைப்பார்.